ஒற்றைக் கல்லும் ஆறு சேபர்களும்

இரும்புத் தோசைக்கல்லில் தோசை வார்த்துப் பழகியவர்களுக்கு வான்சண்டையின் சூட்சுமம் பாதி தெரிந்திருக்கும். மீதியை 1971 டிசம்பர் 14 காலை ஸ்ரீநகர் விமானதளத்தில் நடந்ததை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அன்று ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன் ஒரு சின்னஞ்சிறு நேட் விமானத்தில் கிளம்பி, தளத்தைத் தாக்க வந்த ஆறு பாகிஸ்தான் சேபர் விமானங்களோடு மோதினார். லூதியானா பக்கத்து இசேவால் கிராமத்துக்காரர். அப்பாவும் விமானப்படையில் இருந்தவர். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'உயிரைத் துச்சமாக மதித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரி போதவில்லை. எதன் எதிரில் நின்றார் என்பது புரியாமல் அவர் துணிச்சலை எப்படி அளப்பது? ஆறு பேருக்கு எதிராக ஒருவர் என்றதும் ஆபத்து ஆறு மடங்கு என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு தப்பு. உண்மைக் கணக்கு அதைவிட மோசம். அதைச் சொல்லத்தான் தோசைக்கல்லை எடுத்துக்கொண்டேன்.

கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரல் நுனியால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்போம். சொட்டு சுர்ரென்று சுருண்டு மறைந்தால் பதம் வந்துவிட்டது. எண்ணெயில் தொட்ட அரை வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு, ஒரு கரண்டி மாவு, நடுவிலிருந்து வட்டமாக ஓர் இழுப்பு. மாவு பட்ட கணத்திலேயே கல் தன் சூட்டில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. கீழே எரியும் தீ அதை ஈடுகட்டும், ஆனால் உடனே ஈடுகட்டாது. கூடத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று விடாமல் ஊற்றிக்கொண்டே போனால் நாலாவது தோசை வெளுத்துக் கிடக்கும். திருப்பியை விட்டால் பிய்ந்து வரும். மாவிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. கல்லில் சூடு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

போர் விமானத்துக்கு வேகம்தான் அந்தச் சூடு. எஞ்சினின் தள்ளுவிசை அடுப்புத் தீ. ஒவ்வொரு கூர்மையான திருப்பமும் கல்லில் விழும் ஒரு கரண்டி மாவு.

திருப்பம் ஏன் வேகத்தைத் தின்கிறது? விமானம் திரும்ப வேண்டுமானால் முதலில் ஒரு பக்கமாகச் சாய வேண்டும். இறக்கையின் தூக்குவிசை நேர்மேலே இருப்பதை விட்டுச் சாய்ந்த திசையில் இழுக்கத் தொடங்கும். அதில் ஒரு பங்கு விமானத்தை உயரம் குறையாமல் தாங்க வேண்டும், மறு பங்கு அதை வளைத்துத் திருப்ப வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே விசை செய்வதால் அதன் அளவு கூடியாக வேண்டும். 60 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தூக்குவிசை தேவை. சுமார் 75 டிகிரி சாய்ந்தால் நாலு மடங்கு, விமானிகள் பேச்சில் நாலு ஜி. தூக்குவிசையை இப்படிக் கறந்தெடுக்கும்போது கூடவே ஓர் இழுவையும் பிறக்கிறது. தூக்குவிசை நாலு மடங்கானால், அதே வேகத்தில், அந்த இழுவை பதினாறு மடங்கு. அந்த இழுவை எஞ்சினின் தள்ளுவிசையை மிஞ்சிவிட்டால் வேகத்தை அப்படியே வைத்திருக்க முடியாது. சுற்றச் சுற்ற வேகம் கரையும். இறக்கையால் தாங்க முடிகிற மிகக் குறைந்த வேகமும் அதே நாலு ஜியில் இரண்டு மடங்காக ஏறிவிடும். மேலிருந்து வேகம் இறங்குகிறது, கீழிருந்து எல்லை ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இறக்கையின் மேல் காற்று பிரிந்து விமானம் குலுங்கும், பிறகு விழும். தோசை ஒட்டிக்கொள்ளும் இடம் அது.

சூடு அதிகமானாலும் தொல்லைதான். புகையும் கல்லில் ஊற்றிய மாவு இழுபடாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் அடக்கினால்தான் வட்டம் விழும். விமானத்திலும் அப்படியே. மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் நாலு ஜி திருப்பம் போட்டால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 730 மீட்டர், முழுச் சுற்றுக்குச் சுமார் 28 விநாடி. அதே நாலு ஜியை 450 கிலோமீட்டர் வேகத்தில் போட்டால் ஆரம் 410 மீட்டர், சுற்றுக்குச் சுமார் 21 விநாடி. வேகமாக வருகிறவன் அகலமாகத்தான் திரும்ப முடியும். நிதானத்தில் இருப்பவன் உள்வட்டமாக நுழைந்து அவன் வாலைப் பிடிக்கலாம். ஆக, கைக்குப் பதம் தெரிய வேண்டும். அந்தப் பதம் திருப்பத்துக்குத் திருப்பம் நழுவிக்கொண்டே இருக்கும்.

இந்த உவமை ஓரிடத்தில் முரண்டு பிடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குச் சூட்டைச் சேமிக்க இன்னொரு இடம் உண்டு: உயரம். 540 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் காற்றின் இழுவையைத் தவிர்த்துப் பார்த்தால் அந்த வேகத்தை முழுக்கக் கொடுத்து ஏறத்தாழ 1,150 மீட்டர் மேலே ஏறலாம். தேவைப்பட்டால் கீழே பாய்ந்து வேகமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நம் கல்லுக்கு இந்த வசதி கிடையாது. ஸ்ரீநகரில் சேகோனுக்கும் இருக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சண்டை மரங்களின் உச்சி உயரத்தில் நடந்தது.

அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டு என்ற விமானியும் தாமஸ் கிறிஸ்டி என்ற கணிதவியலாளரும் 1960களில் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்கள். தள்ளுவிசையிலிருந்து இழுவையைக் கழி, வேகத்தால் பெருக்கு, எடையால் வகு. விடை கூட்டலில் வந்தால் கல் காய்கிறது, கழித்தலில் வந்தால் ஆறுகிறது. எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எத்தனை ஜியில் இரண்டு விமானங்களில் எது மிஞ்சும் என்று காகிதத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சூத்திரம் வழிசெய்தது.

இப்போது அந்த இரண்டு விமானங்களைப் பார்ப்போம். நேட் பிரிட்டனில் ஃபாலண்ட் நிறுவனத்தின் டெடி பெட்டர் வடிவமைத்தது, பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுத் தயாரானது. இறக்கையின் முழு அகலம் ஏழு மீட்டர்கூட இல்லை. வெளித்தொட்டிகள் இல்லாமல் புறப்படும் எடை ஏறக்குறைய மூன்று டன். எதிரே வந்த அமெரிக்கச் சேபர் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்கும் எடையைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் அடுப்பில் இருக்கிறது. நேட்டின் ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் எஞ்சின் சுமார் 70 கிலோ தள்ளுவிசை தரும். சேபரில் அது சுமார் 40. நேட் என்பது பெரிய பர்னரில் வைத்த சின்னக் கல். இழந்த சூட்டைச் சீக்கிரம் மீட்டுக்கொள்ளும். 1965 போரிலேயே சேபர்களை வீழ்த்திப் பெயர் வாங்கியிருந்தது. தொல்லைகளும் உண்டு. துப்பாக்கி சிக்கிக்கொள்ளும், வாலை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு மக்கர் பண்ணும். இருந்த இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கும் தலா 115 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் ஆறு விநாடிக்குள் காலி. சேபரிலோ ஆறு இயந்திரத் துப்பாக்கிகள்.

ஸ்ரீநகருக்கு வருவோம். 1948இன் சர்வதேச உடன்பாடு ஒன்றின்படி அங்கே அதுவரை வான்காப்புப் போர் விமானங்களை நிறுத்திவைத்திருக்கவில்லை. 1971இல் போர் மூண்ட பிறகுதான் 18ஆம் ஸ்குவாட்ரனின் நேட்டுகள் வந்து இறங்கின. பனிமலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் தளம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் எந்த எஞ்சினும் கொஞ்சம் மந்தமாகத்தான் எரியும். டிசம்பர் மூடுபனி வேறு. ஃப்ளைட் லெப்டினன்ட் பல்தீர் சிங் குமனும் ஜோடியில் இரண்டாமவராகச் சேகோனும் உத்தரவு வந்தால் இரண்டு நிமிடத்தில் கிளம்பும் தயார்நிலையில் இருந்தார்கள்.

பெஷாவரிலிருந்து விங் கமாண்டர் சங்கேசி தலைமையில் சேபர்கள் வந்தன. குமன் முதலில் கிளம்பினார். அவர் கிளப்பிய புழுதி ஓடுபாதையை மறைத்துவிட்டது. அது அடங்கும்வரை சேகோன் காத்திருக்க வேண்டியதாயிற்று. புழுதி அடங்கும்போது ஆறு சேபர்களும் தலைக்கு மேலே இருந்தன, தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது.

அந்த ஓடுபாதையில்தான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். ஓடுபாதையில் உருளும் போர் விமானம் மாதிரி நிர்க்கதியான பொருள் போர்க்களத்தில் வேறில்லை. நேர்கோட்டை விட்டு விலக முடியாது, ஒளிய முடியாது, திருப்பிச் சுடவும் முடியாது. தப்பித்துத் தரையை விட்டு எழும்பினாலும் கல் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: எழும்பும் விமானத்தின் வேகம் பாய்ந்து வரும் சேபரின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால், அதன் இயக்க ஆற்றல் கிலோவுக்குக் கிலோ ஒன்பதில் ஒரு பங்குதான். எஞ்சினியர் பாடப்புத்தகம் சொல்லும் வழி எளிது. தாழப் பற, நேராகப் பற, வேகம் சேர், பிறகு திரும்பி வா. அதாவது கல் காயும்வரை கரண்டியைத் தொடாதே. அப்படிச் செய்திருந்தால் யாரும் அவரைக் கோழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் காத்திருக்கவில்லை. தாக்கிவிட்டு விலகிக்கொண்டிருந்த இரண்டு சேபர்களின் வாலை உடனே பிடித்தார். இரண்டின் பின்னால் இருக்கிறேன், விடமாட்டேன் என்று அவர் ரேடியோவில் சொன்னதைத் தரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். வேகம் சேராத நேரத்தில் போட்ட திருப்பங்கள் அவை. பெரிய பர்னரில் வைத்த சின்னக் கல் என்பதால்தான் அது சாத்தியப்பட்டது. சேபராக இருந்திருந்தால் அந்த நிலையிலிருந்து யாருடைய வாலையும் பிடித்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இங்கேதான் எண்ணிக்கை வேலை செய்யத் தொடங்குகிறது. ஆறு பேர் ஒரே நேரத்தில் ஒருவரைச் சுட முடியாது, அதற்கு வானில் இடமில்லை. பின்னாலிருந்து, சில நூறு மீட்டர் தூரத்துக்குள், குறுகிய கோணத்தில் வந்தால்தான் துப்பாக்கிக்கு வேலை. அதிகம் போனால் ஒருவர், இரண்டு பேர். அப்படியானால் மற்றவர்களால் என்ன லாபம்? அவர்கள் கல் காயவைக்கிறார்கள். திருப்பத்தில் வேகம் இழந்த சேபர் வட்டத்தை விட்டு விலகி, நேராகப் பறந்து சூடேற்றிக்கொண்டு திரும்பும். அதுவரை சூடாக இருக்கும் இன்னொன்று அந்த இடத்தில் நுழையும். ஒரு பக்கம் ஆறு அடுப்பு, ஆறு கல். எப்போது பார்த்தாலும் அதில் ஒன்று பதத்தில் இருக்கும். இன்னொரு பக்கம் இருப்பது ஒரே ஒரு கல். அது எவ்வளவு நல்ல அடுப்பில் இருந்தாலும் இடைவெளி இல்லாமல் மாவு விழுந்துகொண்டே இருந்தால் ஆறித்தான் போகும். ஒருவருக்கு ஒருவர் என்றால் சேபரைவிட நேட் சீக்கிரம் தேறிவிடும், வெல்லவும் கூடும். ஆறு பேர் மாறி மாறி வந்தால் தேறுவதற்கான அந்தச் சில விநாடிகளே கிடைக்காது. நேட்டின் பெரிய சொத்து அதனால் செல்லாக்காசாகிவிடுகிறது. ஆறு மடங்கு என்ற கணக்கு தப்பு என்று சொன்னது இதைத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முன்னால் போகிறவனைச் சுட வேண்டுமானால் சில விநாடிகளாவது அவன் போகும் வளைவிலேயே, அசையாமல், குறியை வைத்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்கு வேண்டியதும் அதேதான்: அசையாத இலக்கு. அதனால் விமானிகள் ஜோடியாகப் போகிறார்கள். ஒருவர் சுடும்போது இன்னொருவர் அவர் முதுகைப் பார்த்துக்கொள்வார். குமன் மூடுபனியில் சேகோனைத் தவறவிட்டிருந்தார். இனி பின்னால் பார்க்கச் சேகோனுடைய கழுத்து ஒன்றுதான். நாலு ஜி திருப்பத்தில் தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோ இருந்தால் 24 கிலோவாகக் கனக்கும். ரத்தம் கால்களை நோக்கி இறங்குவதால் ஓரப் பார்வை சாம்பல் நிறத்தில் மங்கும். அந்தக் கனத்தோடு கழுத்தைத் திருப்பி வாலுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, மறுபடி முன்னால் குறியைத் தேட வேண்டும். ஒரு கை கட்டுப்பாட்டுத் தண்டில், இன்னொன்று எஞ்சின் நெம்புகோலில். கீழே மரங்கள்.

ஏன் விட்டுவிட்டு விலகவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதே சமையலறையில் இருக்கிறது. சேபர்களுக்குச் சிலிண்டர் கணக்கு இருந்தது. பெஷாவர் சுமார் 300 கிலோமீட்டர் தூரம். தாழ்வான உயரத்தில் ஜெட் எஞ்சின் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். வட்டமடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் திரும்பிப் போவதற்கு வைத்திருந்ததிலிருந்து கழிகிறது. தன் வாலைக் காப்பாற்றிக்கொள்ள வளைந்துகொண்டிருக்கும் விமானி கீழே ஓடுபாதையைக் குறிபார்க்கவும் முடியாது. சேகோன் ஆறு பேரையும் வீழ்த்த வேண்டியதில்லை. அவர்களைச் சுற்றவைத்தாலே போதும், தாக்குதல் நீர்த்துப்போகும். அந்த ஓட்டத்தில் அவர் இதையெல்லாம் கணக்குப் போட்டிருப்பாரா என்றால், போட்டிருக்க மாட்டார். பயிற்சியில் கைக்குள் இறங்கிவிட்ட கணக்கு அது.

பின்னாலிருந்து குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர் ஃப்ளைட் லெப்டினன்ட் சலீம் பேக். அடிபட்டுவிட்டதாகத் தோன்றுகிறது, நீங்கள் வந்து இவர்களைப் பிடியுங்கள் என்ற பொருளில் குமனிடம் சொன்னதுதான் சேகோன் ரேடியோவில் கடைசியாகப் பேசியது. நேட் சிறிது தூரம் நேராகப் பறந்து, பிறகு தலைகீழாகப் புரண்டு விழுந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார், ஆனால் பாராசூட் விரிய உயரம் போதவில்லை. மலைப்பள்ளத்தில் சிதைவுகள் கிடைத்தன. எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை.

எத்தனை சேபரை அடித்தார் என்பதில் இரண்டு தரப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஒன்றைத் தாக்கினார், இன்னொன்றைத் தீப்பற்றவைத்தார் என்கிறது பரம்வீர் சக்ரா சான்றுரை. ஆறும் திரும்பி வந்தன என்கிறது பாகிஸ்தான். அந்தச் சண்டையை நான் தீர்க்கப்போவதில்லை. ஊரையும் தளத்தையும் மேற்கொண்டு தாக்காமல் அந்த விமானங்கள் விலகின என்றும் சான்றுரை சொல்கிறது. எனக்கு எண்ணிக்கையைவிட அது முக்கியமாகப் படுகிறது. சேகோனை வீழ்த்திய சலீம் பேக், அவருடைய திறமையைப் பிற்பாடு எழுத்தில் பாராட்டினார். அடுத்தடுத்து ஊற்றியும் கல் எவ்வளவு நேரம் தாங்கியது என்று அருகிலிருந்து பார்த்த சாட்சி அவர்.

18ஆம் ஸ்குவாட்ரன் 2020இல் கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கப்பட்டது. தேஜஸில் கட்டுப்பாட்டுத் தண்டை எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும், இறக்கை தாங்கும் எல்லையைத் தாண்டாதபடி கணினி பார்த்துக்கொள்கிறது. தோசை ஒட்டாமல் காப்பது அதன் வேலை. கல் ஆறுவதை அதுவும் தடுப்பதில்லை. தேஜஸின் முக்கோண இறக்கை திருப்பங்களில் வேகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே தின்னும், எப்போது ஊற்றுவது என்ற முடிவு இன்னும் விமானியுடையதுதான்.